மக்கிய கருங்கல்லில் ஊறும் தண்ணீர்

பிரபு,

நீயும் தேன்மொழியும் மினி லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு செஞ்சிப் பக்கம் போய் இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. மந்தாரக்குப்பத்து வீட்டில் உங்கள் அறைக் கதவை அம்மா இன்னும் சாத்தவில்லை. சாத்தினால் வீடு சிறுத்துப்போன மாதிரி இருக்கிறதாம். தினமும் போனில் பேசிக்கொள்கிறோம். சாப்பிட்டாயா, மோட்டார் ஓடுகிறதா, அங்கே மழை உண்டா என்று கேட்டு வைத்துவிடுகிறோம். உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று அந்தக் கேள்விகளுக்கு நடுவே நுழைய மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன். நான் எழுதிப் பழகியதெல்லாம் ஷிப்ட் ரிப்போர்ட்தான். எத்தனை அடியில் என்ன மண், எந்த பம்ப் ஓடுகிறது, எது நின்றது என்பதற்கு மேல் எழுதியவன் இல்லை. இதுவும் மேலிருந்து கீழாக, அடியடியாகத்தான் போகும். பொறுமையாகப் படி.

நெய்வேலி மைன்ஸில் எனக்கு என்ன வேலை என்று சின்ன வயதில் நீ கேட்டபோது, "தண்ணி எறைக்கிற வேலை" என்று சொன்னேன். நீ நம்பவில்லை. நிலக்கரி வெட்டுகிற இடத்தில் தண்ணீருக்கு என்ன வேலை என்று திருப்பிக் கேட்டாய். நிலக்கரிக்குக் கீழே மணல், மணலுக்குள் தண்ணீர், அதுவும் சும்மா கிடக்காமல் மேலே ஏறத் துடித்துக்கொண்டு நிற்கிற தண்ணீர். விடாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொத்துக்கொண்டு வராமல் இருக்கும். முப்பது வருஷம் நான் போர் போட்ட இடம் எல்லாவற்றிலும் தண்ணீர் வந்தது. அதற்கு முன்னால், நான் பிறந்த மேல்பட்டாம்பாக்கத்திலும் மணலைக் கொஞ்சம் தோண்டினாலே ஈரம் கசியும். ஆகவே தண்ணீர் என்பது பூமிக்கடியில் எங்கும் விரித்த பாய் மாதிரி கிடக்கிறது, எட்டுகிற வரை துளைத்தால் போதும் என்பது என் எண்ணம். அது என் அறிவு என்று நினைத்திருந்தேன். நான் வேலை பார்த்த இடத்தின் சௌகரியம் அது, என் அறிவு இல்லை என்று தெரிய இந்த வயசாகியிருக்கிறது.

நீ கான்ட்ராக்ட் வேலையை விடப்போகிறேன் என்று சொன்ன நாள் நினைவிருக்கிறதா? தேன்மொழியின் அப்பா தன் நிலத்தில் பாதியை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்த மாசம் அது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்ச நாள்ல பெர்மனன்ட் ஆவ வேண்டியவன்டா நீ" என்றேன். "அத ஒன்பது வருஷமா சொல்லிகினு இருக்கீங்கப்பா" என்றாய். நீ கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். தேன்மொழி அன்றைக்கே தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் அடுத்த வருஷம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நிலத்தில் மானாவாரியாக எதையோ போட்டு எதையோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கிடைத்தால் போவது, கிடைக்காவிட்டால் இங்கேயே இருப்பது என்று நீங்கள் இருவரும் முடிவு செய்திருந்தீர்கள். இடம் பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டீர்கள்.

செஞ்சிக்குப் போகிற வழியெல்லாம் பஸ் ஜன்னலில் அந்தக் குண்டுக் கற்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்த மாதிரி மலை மலையாகக் கருங்கல். அதைப் பார்த்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. நிலத்தின் பள்ளமான மூலைக்கு நேராகப் போனேன். கால் புதைகிற மண். போன வாரத்து மழைத் தண்ணீர் குட்டையாக நின்றது. "இங்க போடுங்க" என்று குச்சியை நட்டேன். தேன்மொழி பின்னால் வந்துகொண்டிருந்தவள், "மாமா, அது வெள்ள மண்ணு எடம் மாமா. அந்த மேட்டோரம்..." என்று ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை. "தண்ணி நிக்கிற எடத்துலதாம்மா தண்ணி இருக்கும். முப்பது வருஷம் இதத்தான செஞ்சன்?" என்றேன். சம்பந்தி சிரித்தார். நீயும் சிரித்தாய். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

போர் போடும் ரிக் வண்டி வந்த அன்று நடந்ததை நீ பார்த்தாய். ஆனால் நீ நின்ற இடத்திலிருந்து பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு. முதலில் வெள்ளையாகக் களி வந்தது. அரிசி மாவை உருட்டி உருட்டிப் போட்ட மாதிரி. முப்பது அடி தாண்டியும் அதுதான். பிறகு ராடு கிரீச்சிட்டது. பாறை தட்டிவிட்டது என்று கேசிங் பைப்பை இறக்கி, மேலே உள்ள மண் சரியாமல் அடைத்துவிட்டு, பாறைக்குள் துளைத்தார்கள். அதன் பிறகு வந்ததெல்லாம் புகை. சாம்பல் நிறத்தில் காய்ந்த தூள். நூறு, இருநூறு, முந்நூறு. ரிக் ஓட்டியவர் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வந்து, "ஐயா, ஒரே கல்லா இருக்குதுங்க. ஒரு வெடிப்பு கூட தட்டல. இன்னும் போவலாங்களா?" என்று கேட்டார். போகச் சொன்னேன். ஐந்நூறிலும் புகைதான். சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வுடுங்க சம்பந்தி. பூமிக்குள்ள யாரு போயி பாத்தது" என்றார். அந்தப் பெருந்தன்மை எனக்கு அடி வாங்கிய மாதிரி இருந்தது. எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு நான் சொன்னேன்: "இந்த பூமியில தண்ணி கெடையாது."

ஒரு ஓட்டையைப் பார்த்துவிட்டு மொத்த நிலத்துக்கும் தீர்ப்புச் சொன்னேன். நீ மறுநாளே ஷிப்டுக்குப் போய்விட்டாய். தேன்மொழி பள்ளிக்கூடத்துக்குப் போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டு வந்தாள். வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று போட்டுக்கொண்டிருந்த செருப்பில் அந்த வெள்ளைக் களி ஒட்டியிருந்தது. குழாயடியில் கழுவ உட்கார்ந்தேன். சோப்பு மாதிரி வழுக்கியது, தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பியது, ஆனால் கரையவில்லை. விரலில் தேய்த்தால் பவுடர் மாதிரி இருக்கிறது, நடுநடுவே கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ உறுத்துகிறது. இதே மாதிரி வெள்ளைக் களியை மைன்ஸில் நிலக்கரிக்கு மேலே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கருங்கல் பூமியில் இது எப்படி வந்தது? அதைவிட, கைத்தறித் துணி மாதிரி இழை நெருங்கிக் கெட்டியான ஒரு மண்ணைப் பார்த்து இங்கே தண்ணீர் இருக்காது என்று தேன்மொழிக்கு எப்படித் தெரிந்தது? அவள் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போய்க் கேட்டேன்.

"சின்னதுல அதத்தான் அள்ளிகினு போயி செவுத்துக்குப் பூசுவோம் மாமா. மழ பேஞ்சா அங்க பத்து நாளு தண்ணி நிக்கும். கீழ எறங்கறதா இருந்தா, அது எதுக்கு மேலயே நிக்கப் போவுது?"

பிரபு, முப்பது வருஷ சர்வீஸில் எனக்கு யாரும் இவ்வளவு நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ ஷிப்டில் இருந்தாய். அம்மாவிடம் சொல்லிவிட்டு நானும் தேன்மொழியும் அவள் ஊருக்குப் போனோம். அவள் எனக்கு மூன்று கிணறுகளைக் காட்டினாள். கிணற்றுக்குள் தண்ணீரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், நாங்கள் சுவரைப் பார்த்தோம். முதல் கிணற்றின் சுவர் மேலிருந்து அடி வரை வழவழவென்று ஒரே பாறை. தூர்ந்து கிடந்தது. இரண்டாவதில் பாதி வெள்ளைக் களி. ஏதோ ஈரம் இருந்தது, கிணறு என்று சொல்ல முடியாது. மூன்றாவது அவர்கள் மேட்டோரத்தை ஒட்டிய பக்கத்து நிலத்தில் இருந்தது. அதன் சுவரைப் பார்த்ததும் எனக்கு இறங்கித் தொட வேண்டும் போல் ஆகிவிட்டது. பழுப்பும் சிவப்புமாக உதிர்கிற கல். குண்டுப் பாறையைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகக் கழன்று நிற்கிறது. கையால் பிடித்தால் பொலபொலவென்று பருமணலாகக் கொட்டுகிறது. அந்த ஊரில் அதை மொரம்பு என்கிறார்கள். அதற்குள் சாய்வாக ஒரு கோடு, வெள்ளையாக, கை அகலத்துக்கு. "வெங்கச்சங்கல்லு மாமா" என்றாள். அந்தக் கோட்டை ஒட்டியே பாசி பிடித்திருந்தது. பாசிக்குக் கீழே சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு மண்ணையும் பையில் போட்டு எடுத்து வந்தேன். பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் தண்ணீர் பாட்டில்கள் இரண்டை வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, ஒன்றில் வெள்ளை மண்ணையும் ஒன்றில் மொரம்பையும் அடைத்து, ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அம்மா, "ரிட்டயர் ஆனா கோயிலு கொளம்னு போவாங்க. இவரு மண்ணுக்குப் பால் ஊட்டிகினு ஒக்காந்துகினு கீறாரு" என்று பக்கத்து வீட்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். மொரம்பு உடனே சொட்ட ஆரம்பித்து, அம்மா துணி உலர்த்தி முடிப்பதற்குள் ஏறக்குறைய எல்லாத் தண்ணீரையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. வெள்ளை மண் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை வரை ஒரு சொட்டுக் கூட விடவில்லை. அதற்குள்ளும் தண்ணீர் இருக்கிறதுதான். நமக்குத் தராது, அவ்வளவுதான். தண்ணீர் இருப்பதும் தண்ணீர் கிடைப்பதும் இரண்டு வேறு விஷயம் என்பதை எனக்குப் புரிய வைத்தது அந்த பாட்டில்.

எங்கள் செக்ஷனில் ஜியாலஜிஸ்டாக இருந்து எனக்கு முன்னாலேயே ரிட்டயர் ஆன சார் ஒருவர் நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து ஊரில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். இரண்டு பொட்டலத்தோடும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் லென்ஸை எடுத்து வந்து வாசல் வெயிலில் உட்கார்ந்தார். கருங்கல்லில் முக்கியமாக மூன்று சரக்கு உண்டு என்றார். கண்ணாடி மாதிரி இருக்கிற குவார்ட்ஸ், அதுதான் நம் வெங்கச்சங்கல். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கிற ஃபெல்ஸ்பார். மினுக்குகிற மைக்கா, அதாவது காக்காப்பொன். மழைத் தண்ணீர் வெடிப்பு வழியாக இறங்கி வருஷக் கணக்கில்லாமல் ஊறுகிறபோது, காக்காப்பொன் துருப்பிடித்து ஊதுகிறது, ஃபெல்ஸ்பார் மக்கிக் களியாகிவிடுகிறது. குவார்ட்ஸுக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை, மணலாக உதிர்ந்து கிடக்கிறது. வெடிப்பே இல்லாத கல் குண்டாக அப்படியே நிற்கிறது. "பாறை மக்கினா மட்டும் பத்தாதுங்க. மக்கினப்புறம் என்ன மிஞ்சுதுன்னு பாக்கணும். களி மிஞ்சினா தண்ணி மாட்டிக்கும். மணலு மிஞ்சினா தண்ணி நடமாடும்" என்றார். உங்கள் பள்ள மூலையில் ஃபெல்ஸ்பார் அதிகமாக உள்ள கல் மக்கியிருக்க வேண்டும், மேட்டோரத்தில் குவார்ட்ஸ் அதிகம், அதில் வெங்கச்சங்கல் கோடு வேறு ஓடுகிறது, அதை ஒட்டி வெடிப்பு இருக்கும் என்று சொல்லிவிட்டு, லென்ஸைத் துடைத்தபடி கேட்டார்: "ஆமா, நீங்க இத்தன வருஷம் போர் போட்டீங்களே, அந்த மணலு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?"

அவரே சொன்னார். மேற்கே உள்ள இந்த மாதிரிப் பாறைகள்தான் மக்கி, உதிர்ந்து, ஆறுகளில் அடித்துக்கொண்டு வந்து, மணல் ஒரு பக்கமும் களி ஒரு பக்கமுமாகப் பிரிந்து நெய்வேலிக்கு அடியில் படிந்திருக்கிறது. நான் தண்ணீர் இறைத்த மணலும், மேலே பார்த்த வெள்ளைக் களியும், எல்லாமே ஒரு காலத்தில் செஞ்சி மலை மாதிரி ஏதோ ஒரு மலை. அன்று பஸ்ஸில் வராமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். ரோட்டோரம் கிடந்த ஜல்லியை எல்லாம் குனிந்து குனிந்து எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் சிரித்தன. பரவாயில்லை. வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாள் கூட எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இன்னொன்றும் அன்றுதான் புரிந்தது. போர் போடும்போது மக்கிய பாறை சரியாமல் இருக்கக் கேசிங் இறக்குகிறோம். மேட்டோரத்தில் நாம் போர் போட்டிருந்தாலும், ஊறுகிற அடுக்கைப் பைப்பால் அடைத்துவிட்டு, ஒன்றுமில்லாத கெட்டிப் பாறைக்குள் போய்த் தேடியிருப்போம். அந்த அடுக்கில் தண்ணீர் மெதுவாகத்தான் வரும். சுற்றிலும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதற்கு வேண்டியது கிணறு. நான் வந்து இதைச் சொன்னபோது நீ, "நீங்கதானப்பா தண்ணி கெடையாதுன்னீங்க?" என்று கேட்டாய். "தப்பா சொல்லிட்டன்" என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். வீட்டில் அந்த வார்த்தையை நான் அதற்கு முன் சொன்னதில்லை என்று அம்மா பிறகு சொன்னாள்.

கிணறு வெட்டிய கதை உனக்குத் தெரியும். இடத்தைத் தேன்மொழி காட்டினாள், நான் வாயைத் திறக்கவில்லை. பதினெட்டு அடி வரை மெஷினால் வாரினார்கள், அதன் பிறகு ஆள் இறங்கியது. முப்பத்திரண்டாவது அடியில் அந்த வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் சுவர் ஈரமானது. நீ எதிர்பார்த்த மாதிரி பீறிட்டு வரவில்லை. ஒரு விரல் கனத்துக்கு, சத்தமில்லாமல், கல்லிலிருந்து வழிந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் இடுப்பளவு. அவ்வளவுதான் கிடைத்திருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் மோட்டார் ஓடும். பிறகு ஊற விட வேண்டும். நெய்வேலியில் வளர்ந்த உனக்கு இது கஷ்டமாக இருக்கும். இங்கே தண்ணீர் தீருமா என்று நாம் யோசித்ததே இல்லை. அங்கே யோசி. மல்லாட்டை போடு, கேழ்வரகு போடு, யார் சொன்னாலும் கரும்பில் கை வைக்காதே. சித்திரையில் ஊற்று குறைந்தால் ஆத்திரப்பட்டு அடியில் கெட்டிப் பாறைக்கு வெடி வைக்காதே. கீழே ஒன்றும் இல்லை. இருப்பதெல்லாம் பக்கவாட்டில், மேல் முப்பத்தைந்து அடிக்குள்.

இனி, சொல்ல வந்தது.

ரிக் வண்டியில் புகை வந்துகொண்டிருந்தபோது நான் வருத்தமாக நின்றேன் என்று நீ நினைத்திருப்பாய். வருத்தம் இருந்தது. ஆனால் ஐந்நூறாவது அடியில் ராடை நிறுத்தியபோது என் மனசுக்குள் முதலில் வந்தது வருத்தமில்லை. சரி, இனி பையன் எங்கேயும் போக மாட்டான் என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடுதான் "இந்த பூமியில தண்ணி கெடையாது" என்று சொன்னேன். ஒரு ஓட்டையை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லக் கூடாது என்று செக்ஷனில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக் கூடத் தெரியும். எனக்கும் தெரியும். குச்சி நட்டது அறியாமை. அதற்குக் கூச்சப்படுகிறேன், அவ்வளவுதான். அந்தப் பேச்சு மட்டும் அறியாமை இல்லை. உங்கள் இரண்டு பேர் ஆசைக்கும் குழி பறித்துவிட்டு, அதை அனுபவம் என்ற பெயரில் சொன்னேன்.

கிணற்றில் ஈரம் கண்ட மறுநாள், நீ மோட்டார் விசாரிக்கச் செஞ்சிக்குப் போயிருந்தாய். நானும் தேன்மொழியும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். அவள் சிறு கல் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். பிறகு சொன்னாள்:

"தெரியும் மாமா. அன்னிக்கி அந்த வண்டிய நிறுத்தனப்ப நான் உங்க மொகத்தத்தான் பாத்துகினு இருந்தன்."

"அப்பறம் ஏம்மா மூணு கெணத்துக்கும் என்ன இட்டுகினு போன?"

"நீங்கதான மாமா வந்து கேட்டீங்க? அந்த மண்ணு ஏன் அப்டி கீதுன்னு. எங்கப்பா கூட ஒரு நாளும் எங்கிட்ட கேட்டதில்ல."

இதை அவள் உன்னிடம் சொல்லவில்லை என்று உன் பேச்சிலிருந்து தெரிகிறது. ஒரு மாமனாரை அவர் பிள்ளையிடம் காட்டிக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள். அவள் மூடி வைத்ததை நான் திறக்கிறேன். நீ கோபப்பட்டால் பட்டுக்கொள். இரண்டு நாள் போன் எடுக்காவிட்டாலும் அம்மாவிடம் நான் காரணம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கும்போது, அது நிலத்தைப் பற்றி இருந்தாலும் சரி, உன்னைப் பற்றி இருந்தாலும் சரி, முடிக்கும் வரை காத்திரு. நான் காத்திருக்கவில்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம்.

அப்பா